ஒன்பதாம் வகுப்பில் முடிவாகும் ஊர்

செகந்திராபாத்தின் மெட்டுகுடாவையும் லாலாகுடாவையும் ரயில்வேயை விட்டுவிட்டுப் பேச முடியாது. நிஜாம் காலத்தில், 1893-இல், லாலாகுடா பணிமனை தொடங்கியது. 1966 அக்டோபர் 2 அன்று தென்மத்திய ரயில்வே பிறந்தபோது தென்னக ரயில்வேயின் விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களும் மத்திய ரயில்வேயின் செகந்திராபாத், ஷோலாப்பூர் கோட்டங்களும் அதில் சேர்ந்தன. தலைமையகம் செகந்திராபாத்தில் அமைந்தது. எழுத்தர், ஃபிட்டர், கார்டு என்று பல வேலைகளில் தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன்பே கன்டோன்மென்ட்டை ஒட்டித் தமிழர்கள் இருந்தார்கள். இந்நகரின் பழம்பெரும் மகபூப் கல்லூரியை 1862-இல் நிறுவியவர் சோமசுந்தரம் முதலியார்.

இப்படி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை இன்டர்மீடியட் முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டில் எழும் முதல் கேள்வி: "நம்ம பிள்ளை லோக்கலா, நான்-லோக்கலா?" இதைச் சான்றிதழ் சம்பந்தப்பட்ட சில்லறைச் சந்தேகமாக நினைத்துக் கடைசி மாதம் வரை தள்ளிப்போடும் பெற்றோர் பலர். உண்மையில் அந்தப் பிள்ளை எங்கே படிக்கும், எவ்வளவு செலவில் படிக்கும் என்பதை மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது இந்த ஒரு சொல்தான்.

பணக்கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தெலங்கானாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். தனியார் கல்லூரிகளில் பாதி இடங்கள் 'ஏ' பிரிவு, அதாவது அரசு கலந்தாய்வு வழியாக நிரப்பப்படும் கன்வீனர் கோட்டா. அங்கே பல ஆண்டுகளாக 60,000 ரூபாய்தான் கட்டணம். அதே கல்லூரியில், அதே வகுப்பறையில், 'பி' பிரிவில், அதாவது நிர்வாக ஒதுக்கீட்டில், சேர்ந்தவர் ஆண்டுக்குப் பதினொன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுகிறார். கன்வீனர் கோட்டாவில் குறைந்தது 85 சதவீதம் லோக்கல் மாணவர்களுக்கு உரியது. பொறியியலில் இடைவெளி இவ்வளவு பெரிதில்லை. ஆனால் 2008 வாக்கில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் விரிவாக்கப்பட்ட கட்டண ஈட்டுத் திட்டம் இன்றும் பிற்படுத்தப்பட்ட, ஏழைக் குடும்பங்களின் பெரும் ஊன்றுகோல். அதற்கும் லோக்கல் தகுதி வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தவர்கள் உள்மாநிலக் கட்டணத்துக்கு அலைவார்கள் என்று கேள்விப்படுகிறோம். அதன் இந்திய வடிவம் இதுதான். இங்கே கட்டண வேறுபாடு இடஒதுக்கீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே.

லோக்கல் ஆவது எப்படி? அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் 1974-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த சேர்க்கை ஆணை வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகளை அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். இன்டர் இரண்டாம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இன்டர் முதலாண்டு, பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கே போகாமல் தனித்தேர்வராக எழுதியவர்கள் மட்டும் நான்காண்டு குடியிருப்பைக் காட்டலாம்.

கலந்தாய்வுக்குக் கொண்டுபோகும் கோப்பைப் புரட்டினால் இந்த விதியின் குணம் தெளிவாகத் தெரியும். அதில் கனமானது பள்ளிகளிலிருந்து வாங்கிய ஸ்டடி சர்டிபிகேட்டுகளின் கட்டு. ஆறாம் வகுப்பிலிருந்து இன்டர் வரை ஆண்டுவாரியாகக் கேட்பார்கள். எந்த வகுப்பு, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று வரிசையாக நிரப்பி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை குத்தியிருப்பார். பள்ளி மாறிய பிள்ளைக்கு இரண்டு மூன்று தாள்கள் சேரும். சரிபார்ப்பவரின் கண் ஊர் என்ற பத்தியில் கீழிருந்து மேலாக நான்கு வரிகளைப் பார்க்கும். அப்பாவின் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எதுவும் அந்த நான்கு வரிகளை மாற்ற முடியாது. முப்பது ஆண்டுகளாக மெட்டுகுடாவில் வீடு வைத்திருப்பவர் மகள் நான்-லோக்கல் ஆகலாம். எட்டாம் வகுப்பு முடித்து அரக்கோணத்திலிருந்து வந்த பையன் லோக்கல் ஆகலாம்.

அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். அங்கே பெரும்பாலான மாநிலங்கள் ஓராண்டு குடியிருப்பையும் அங்கேயே தங்கும் எண்ணத்தையும் கேட்கின்றன. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, வாக்காளர் பதிவு, வரித் தாக்கல் ஆகியவையே அந்த எண்ணத்துக்குச் சாட்சி. கனெக்டிகட் மாநிலம், விண்ணப்பிக்கும்போது வெளிமாநில முகவரி வைத்திருந்தவரைப் படிப்பு முடியும் வரை வெளியூர்க்காரராகவே நடத்தும் சட்டம் ஒன்றை வைத்திருந்தது. தான் உள்ளூர்க்காரர் என்று நிரூபிக்க வாய்ப்பே தராத அந்தச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 ஜூனில், விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில், செல்லாது என்றது.

அதே 1973-இன் செப்டம்பரில்தான் ஆந்திரப் பிரதேசத்துக்கான ஆறு அம்சத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அது வந்த வழி ரத்தம் தோய்ந்தது. அந்த வரலாறு தெரியாமல் இந்த விதியை வெறும் அலுவலகக் கெடுபிடி என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

நிஜாமின் ஹைதராபாத் அரசில் முல்கி விதிகள் இருந்தன. மண்ணைச் சேர்ந்தவரே முல்கி. அரசு வேலை அவருக்கே. வெளியிலிருந்து வந்தவரும் முல்கி ஆகலாம், ஆனால் பதினைந்து ஆண்டுகள் நிலையாகக் குடியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. பழைய ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக, உரிய படிவத்தில், மாஜிஸ்திரேட் சான்றொப்பத்தோடு பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். ஊரை மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்ன அரசு அது. 1948-இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த பின் மதராஸ் மாகாணத்திலிருந்து ஆசிரியர்களும் அலுவலர்களும் பெருமளவில் வந்தபோது, படித்த உள்ளூர் இளைஞர்களின் வயிற்றில் அடி விழுந்தது. 1952 செப்டம்பரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். "முல்கி அல்லாதவரே திரும்பிப் போ" என்பதோடு "இட்லி சாம்பார் திரும்பிப் போ" என்ற கோஷமும் ஒலித்தது. சிட்டி காலேஜ் அருகே துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அந்தக் கோஷம் குறிவைத்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கு பேசியவர்கள்தான் என்றாலும், 'மதராஸி' என்ற அந்தப் பெரிய வட்டத்துக்குள் நம்மவர்களும் இருந்தார்கள். கோஷமிட்டவர்களின் குறையும் பொய்யல்ல.

1956-இல் ஆந்திரமும் தெலங்கானாவும் இணைந்தபோது கண்ணியவான்கள் ஒப்பந்தம் தெலங்கானா மாணவர்களின் கல்வி வாய்ப்புகளுக்கு உறுதி தந்தது. அந்த உறுதி மீறப்பட்டது என்ற கோபம் 1969-இல் வெடித்தது. 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முல்கி விதிகள் செல்லும் என்றதும் மறுபுறம் ஜெய் ஆந்திரா கிளர்ச்சி மூண்டது. இரண்டு தரப்பும் எரிந்து ஓய்ந்த பிறகுதான் ஆறு அம்சத் திட்டம், 32-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 371-டி, 1974 ஆணை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்லூரிச் சேர்க்கையைப் பொறுத்தவரை பதினைந்து ஆண்டும் பிரமாணப் பத்திரமும் போய், நான்கு ஆண்டுப் பள்ளிப்படிப்பு வந்தது. பிறப்பையும் மனத்தின் எண்ணத்தையும் விசாரிக்காமல், பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தது என்று மட்டும் கேட்ட இந்த மாற்றத்தை நான் பெரிய முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

இப்படிப் பிரித்துப் பார்க்க மாநிலங்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே விடை வந்திருந்தது. இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்தவருக்குக் கேபிடேஷன் கட்டணம் இல்லை. வெளியாருக்கு 1,300, 1,500 ரூபாய் என்று இருந்தது. டெல்லியிலிருந்து போய்ச் சேர்ந்த ஜோஷி என்ற மாணவர் வழக்குப் போட்டார். பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறதே சட்டம் என்பது அவர் வாதம். 1955 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் தோய்ந்த, 1944-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற அதே வெங்கடராம ஐயர்தான். பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு. சட்டம் தடுப்பது முதலாவதை மட்டுமே என்று அவர் பிரித்தார். குடியிருப்பை வைத்து ஒரு மாநிலம் தன் மாணவருக்குக் கட்டணச் சலுகை தரலாம் என்றார். ஒரு நீதிபதி மாறுபட்டார். இன்றைக்கு வரும் ஒவ்வொரு குடியிருப்பு விதியும் அந்தத் தீர்ப்பின் தோளில்தான் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் மருத்துவ மேற்படிப்பில் மட்டும், 2025 ஜனவரியில், குடியிருப்பு ஒதுக்கீடு கூடாது என்று கதவை மூடியது. எம்பிபிஎஸ் நிலையில் கதவு திறந்தே இருக்கிறது.

தெலங்கானா தனி மாநிலமான சில வாரங்களிலேயே விதி பின்னோக்கி நகரப் பார்த்தது. 2014 ஜூலையில் வந்த 'ஃபாஸ்ட்' என்ற கட்டண உதவித் திட்டம், 1956 நவம்பர் 1-க்கு முன்பே குடும்பம் தெலங்கானாவில் இருந்திருக்க வேண்டும் என்றது. மெட்டுகுடாவில் 1966-இல் தென்மத்திய ரயில்வேயோடு வந்த தாத்தாவின் பேரன், இதே ஊரில் பிறந்து இதே ஊரில் படித்திருந்தாலும், அந்தத் தேதியில் வெளியூர்க்காரன். எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பின் 2015-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு மீண்டும் 371-டி அளவுகோலுக்கே அரசு திரும்பியது. இங்கே பிறந்த மூன்றாம் தலைமுறையை வம்சாவளிப் பட்டியலில் தேடச் சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

ஆனால் படிப்பு அளவுகோலுக்கும் ஒரு கூர்முனை உண்டு. வந்தவரை அது தாராளமாக ஏற்கிறது. போனவரை இரக்கமின்றி வெட்டுகிறது. இன்டர் படிப்போடு நீட் பயிற்சிக்காக விஜயவாடாவுக்கோ கோட்டா நகருக்கோ போன தெலங்கானா பிள்ளைகள் திரும்பி வந்தபோது நான்-லோக்கல் ஆகியிருந்தார்கள். மாநிலப் பிரிவினைக்குப் பின் பத்தாண்டுகளுக்குப் பழைய சேர்க்கை முறை தொடரும் என்று மறுசீரமைப்புச் சட்டம் சொல்லியிருந்த கெடு 2024 ஜூன் 2 அன்று முடிந்தது. அடுத்த மாதமே தெலங்கானா அரசு மருத்துவச் சேர்க்கை விதியைத் திருத்தி, நான்காண்டுப் படிப்பை இறுக்கிக் கட்டியது. மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மாநிலத்தின் நிலையான குடிமக்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வழக்குத் தொடுத்த 135 பேருக்கு மட்டும் ஒருமுறை விலக்குத் தர அரசு ஒப்புக்கொண்டது. கடைசியில் 2025 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு நான்காண்டு விதி செல்லும் என்று உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்போடு சேர்ந்து சில விலக்குகளும் வந்தன. வெளிமாநிலத்தில் பணியாற்ற நேர்ந்த தெலங்கானா அரசு ஊழியர், தெலங்கானா பிரிவின் அகில இந்தியப் பணியினர், பணியில் சேரும்போது தெலங்கானாவைச் சொந்த ஊராகக் காட்டிய ராணுவ, துணை ராணுவத்தினர், மாற்றலுக்கு உட்பட்ட மாநில நிறுவன ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு நான்காண்டு வெளியில் கழிந்தாலும் பாதகமில்லை. மேலிடத்து உத்தரவுக்காக இடம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதே இந்த விலக்குகளின் உயிர்நாடி. அந்தப் பட்டியலில் ரயில்வே ஊழியர் என்ற சொல் இல்லை. மெட்டுகுடாவுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா லாலாகுடாவில் பணி. மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். குண்டக்கலுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது, குடும்பமாகக் கிளம்புகிறார்கள். மகள் இன்டரை ஆந்திரத்தில் படிக்கிறாள். தெலங்கானாவில் அவளுக்கு நான்காண்டு இல்லை, ஆந்திரத்திலும் இல்லை. ஒன்றுபட்ட ஆந்திரமாக இருந்தபோது இதே பெண்ணை 1974 ஆணையின் இன்னொரு விதி காப்பாற்றியிருக்கும். எந்தப் பகுதியிலும் நான்காண்டு கூடாதவர் மாநிலத்துக்குள் தொடர்ந்து ஏழாண்டு படித்திருந்தால், அந்த ஏழில் அதிக ஆண்டுகள் எங்கே கழிந்தனவோ அந்தப் பகுதியின் லோக்கல் ஆவார். செகந்திராபாத்தில் ஐந்து, குண்டக்கலில் இரண்டு என்றால், செகந்திராபாத் அடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகப் பகுதியின் லோக்கல். இப்போது நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. ரயில்வேக்கு அது வழக்கமான ஒரு மாற்றல்; சேர்க்கை விதிக்கு அது பரதேசம் போனது. இந்த ஏழாண்டு வலை அறுந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அறுத்தவரும் எவருமில்லை, எல்லை மாறியபோது தானாக அறுந்தது.

அவளுக்கு மிஞ்சுவது பொறியியலில் ஒதுக்கப்படாத 15 சதவீதம். 2025 பிப்ரவரியில் தெலங்கானா அரசு இந்த இடங்களையும் மாநிலத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது: லோக்கல் மாணவர்கள், வெளியில் படித்த காலம் நீங்கலாக மொத்தம் பத்தாண்டு இங்கே குடியிருந்தவர்கள், அப்படிப் பத்தாண்டு குடியிருந்த பெற்றோரின் பிள்ளைகள், மாநிலத்துக்குள் பணியாற்றும் மாநில, மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளும் துணைவரும். அவளைப் போன்றவர்களுக்குக் குடியிருப்பும் பெற்றோரின் வேலையும் கணக்கில் வரும் ஒரே சந்து இது. ஆனால் இங்கே லோக்கல் மாணவர்களும் போட்டியிடுவார்கள். உயர்ந்த தரவரிசை உள்ளவருக்குத்தான் பயன்.

தமிழ்நாடு கைகொடுக்குமா? "தாத்தா பாட்டி வீட்ல இருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கட்டும்" என்று பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பும் வழக்கம் செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. அனுப்பிய அன்றே தெலங்கானா கணக்கு முறிந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலோ பொறியியலுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தும், மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தும் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று இருப்பிடச் சான்று வாங்க வேண்டும். அப்பா தமிழ்நாட்டில் பிறந்து படித்தவர் என்றால் அவருடைய பள்ளிச் சான்றுகளை வைத்து வாங்கிவிடலாம். அப்பாவே லாலாகுடாவில் பிறந்தவர் என்றால் தாசில்தாரிடம் காட்ட என்ன இருக்கும்? அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கே. ஹைதராபாத்தில் வீட்டுக்குள் தமிழ் பேசி வளர்ந்ததற்கு மதிப்பெண் கிடையாது.

சாதிச் சான்றின் நிலைமை இன்னும் கடினம். தெனாலியில் பிறந்த பழங்குடிச் சிறுவன் ஒருவன் ஒன்பது வயதில் அப்பாவோடு பம்பாய் போனான். அப்பாவுக்கு உரக் கழகத்தில் வேலை கிடைத்ததே பழங்குடி ஒதுக்கீட்டில்தான். பையன் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மருத்துவக் கல்லூரியில் அதே ஒதுக்கீட்டைக் கேட்டபோது கிடைக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி அந்தந்த மாநிலத்துக்கு உரியது, குடிபெயர்ந்தால் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1990 மே மாதம் தீர்ப்பளித்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பின்படி, தமிழ்நாட்டிலிருந்து வந்த தலித் குடும்பத்துப் பிள்ளை மெட்டுகுடாவில் நான்காண்டு படித்து லோக்கல் ஆகலாம்; ஒதுக்கீட்டில் மட்டும் பொதுப் பிரிவினராகவே நிற்க நேரும். சாதி என்னவோ எல்லையைத் தாண்டி ஆளோடு வந்துவிடுகிறது. அதற்கான நிவாரணம் வருவதில்லை. லோக்கல் விதியின் நியாயத்தை ஏற்கும் எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

விதியை மாற்றாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. நான்காண்டு எண்ணிக்கை ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது என்றால், அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய நாள் எட்டாம் வகுப்பு முடியும் நாள். பள்ளி மாற்றுச் சான்று கொடுக்கும் மேசையில் ஓர் அச்சிட்ட தாள் போதும்: இப்போது மாநிலத்தை விட்டுப் போனால் பிள்ளை எதை இழக்கும் என்று நான்கு வரி. இன்று அந்தச் செய்தி வீட்டுக்கு வருவது பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது, தரவரிசை கையில் இருக்கும்போது.

மாற்றல் உத்தரவை ஏற்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஆந்திரத் தலைநகரப் பணிகள் ஹைதராபாத்தை விட்டு அமராவதிக்கு நகர்ந்த காலத்தில், தெலங்கானாவிலிருந்து குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆந்திரத்துக்குக் குடிபெயர்வோரை அங்கே லோக்கலாக ஏற்கும்படி 2016-இல் குடியரசுத் தலைவரின் ஆணை திருத்தப்பட்டது. கெடு பிறகு நீட்டிக்கவும் பட்டது. நான்காண்டு என்பது கல்லில் செதுக்கியதல்ல என்று டெல்லியே அன்று ஒப்புக்கொண்டது.

அதே கேள்வி இப்போது ரயில்வேயின் வாசலில் நிற்கிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட தென்கடற்கரை ரயில்வேக்கு விசாகப்பட்டினம் தலைமையகம். விஜயவாடா, குண்டூர், குண்டக்கல் கோட்டங்கள் அந்தப் புதிய மண்டலத்துக்கு உரியவை. செகந்திராபாத் தலைமையக ஊழியர்களில் ஒரு பகுதியினர் அங்கே போக வேண்டியிருக்கும். அவர்களின் பிள்ளைகளில் சிலர் இந்த ஆண்டு ஒன்பதிலோ பத்திலோ படிக்கிறார்கள். இரு மாநில அரசுகளும் மாற்றல் உத்தரவின் நகலைப் படிப்புச் சான்றுக்கு ஈடாக ஏற்கும் ஒரு திருத்தத்தை, ரயில்வே தொழிற்சங்கங்கள் இப்போதே கேட்டு வாங்க வேண்டும். உத்தரவு கையில் வந்த பிறகு கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அது உதவாது.